குளிர்கால விடுமுறைச் சந்தை: விற்பது இரவையா, வீட்டையா?

டிசெம்பர் மாதத்தில் லண்டனில் மாலை நான்கு மணிக்கு முன்பே மஃரிப் ஆகிவிடும். காலை எட்டு மணியளவில் தலைகாட்டும் சூரியன் முழுதாக எட்டு மணித்தியாலம் கூட வானில் நிற்பதில்லை. நிற்கும் நேரத்திலும் பெரும்பாலும் மேகங்களுக்குப் பின்னால்தான். தொழிலுக்குப் போகின்றவர் இருட்டில் வீட்டை விட்டுப் புறப்பட்டு இருட்டிலேயே வீடு வந்து சேர்கிறார். இதே நாட்களில் ஸ்பெயினின் தென்கரையில் உள்ள மாலகா நகரில் பகல் ஒன்பதரை மணித்தியாலத்துக்கு மேல் நீடிக்கின்றது. நண்பகல் வெப்பநிலை 17 பாகை செல்சியஸ் வரை வருகின்றது. இரண்டு இடங்களுக்கும் இடையில் விமானப் பயணம் மூன்று மணித்தியாலம் கூட இல்லை. ஐரோப்பாவின் குளிர்காலக் குறுகிய விடுமுறை வியாபாரம் முழுவதும் இந்த வித்தியாசத்தின் மேல்தான் கட்டப்பட்டிருக்கின்றது.

இதை நாம் ஏன் தெரிந்துகொள்ள வேண்டும்? காலிக் கோட்டைக்குள் பரம்பரை வீடு ஒன்றை வைத்திருக்கும் வாசகர் ஒருவர், நவம்பர் பிறந்தால் ஏப்ரல் வரை யாராவது வந்து வீட்டுக்கு விலை கேட்டுக் கொண்டே இருப்பதாகவும், விற்பதா, வாடகைக்கு விடுவதா என்பதே குடும்பத்தில் பேச்சாக இருப்பதாகவும் என்னிடம் கூறினார். வீட்டுக்கு விலை கேட்பவர் எந்தச் சந்தையிலிருந்து வருகிறார், அந்தச் சந்தையில் பணம் எப்படி உண்டாகின்றது என்பது தெரியாமல் இக்கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது. ஆகவே முதலில் அந்தச் சந்தையைப் பார்ப்போம். வீட்டு விடயத்துக்குப் பின்னர் வருகிறேன்.

குளிர்காலத்தில் வெயிலைத் தேடிப் போவது புதிய பழக்கமல்ல. பிரான்ஸின் தென்கரையில் உள்ள நீஸ் நகரத்தை உருவாக்கியதே இந்தப் பழக்கம்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேயச் செல்வந்தர்கள் குளிர்காலத்தைக் கழிக்க அங்கே சென்றனர். நகரின் புகழ்பெற்ற கடற்கரைப் பாதைக்கு இன்றுவரை ‘ஆங்கிலேயர் நடைபாதை’ என்றுதான் பெயர். விக்டோரியா மகாராணியும் தனது இறுதிக் காலத்தில் பல தடவைகள் அங்கு சென்று தங்கியிருக்கிறார். அந்நாட்களில் அக்கரையோர ஹோட்டல்கள் கோடை வந்ததும் கதவைப் பூட்டிவிடும். கோடையில் கடலில் குளிக்கப் போகும் பழக்கம் 1920களிலேயே அங்கு வேரூன்றியது. யுனெஸ்கோ 2021ஆம் ஆண்டு நீஸ் நகரை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தபோது கூட, ரிவியேராவின் குளிர்கால வாசஸ்தல நகரம் என்ற அடிப்படையிலேயே சேர்த்தது. ஒரே வெயில், ஒரே கடல். ஆனால் நூறு வருடத்துக்குள் பருவம் தலைகீழாக மாறிப் போனது. ஒரு ஊரின் பருவத்தைத் தீர்மானிப்பது காலநிலை மட்டுமல்ல, வாடிக்கையாளரின் பழக்கமும்தான் என்பதற்கு இதைவிடச் சிறந்த உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

அன்று சீமான்கள் மூன்று நான்கு மாதங்கள் தங்கினார்கள். இன்று எழுதுவினைஞரும், தாதியரும், பஸ் சாரதியும் மூன்று அல்லது நான்கு இரவுகள் தங்குகிறார்கள். லண்டனில் இருக்கும் எனது ராத்தாவின் மகன் கோடையில் நீண்ட விடுமுறை எடுப்பதையே குறைத்துக் கொண்டான். நவம்பரில் ஒரு தடவை, பெப்ரவரியில் பிள்ளைகளின் பாடசாலை விடுமுறையில் ஒரு தடவை என்று குடும்பத்தோடு போய்வருகிறான். அவனுக்கு இது ஆடம்பரமல்ல, குளிர்காலத்தைக் கடப்பதற்கான செலவு.

இந்த மாற்றத்தை உண்டாக்கியது விமானம். ஐரோப்பிய ஒன்றியம் 1993இல் ஆரம்பித்து 1997 ஏப்ரலில் முழுமையாக்கிய சீர்திருத்தங்களினால், ஒன்றியத்தின் எந்த நாட்டு விமான நிறுவனமும் எந்த நாட்டிலிருந்தும் எந்த நாட்டுக்கும் சேவை நடத்தலாம் என்ற நிலை ஏற்பட்டது. கட்டணத்தை அரசாங்கங்கள் தீர்மானித்த காலம் முடிந்தது. 1995 நவம்பரில் பறக்கத் தொடங்கிய ஈஸிஜெட்டும், அதற்கு முன்பே மலிவுக் கட்டண முறைக்கு மாறியிருந்த ரயன்எயாரும் இந்தக் கதவு வழியாகவே நுழைந்து பெருத்தன. விமானம் ஒன்றின் குத்தகைப் பணம், காப்புறுதி, விமானியின் சம்பளம் ஆகியவை ஜனவரியிலும் செலுத்தப்பட வேண்டியவை. ஆகவே குளிர்காலத்தில் அதைத் தரையில் நிறுத்தி வைப்பதை விட, மலிவாகவேனும் ஆசனங்களை நிரப்பிப் பறக்கவிடுவது பல வழித்தடங்களில் இலாபமானது. பயணப் பொதிக்கும், விருப்பமான ஆசனத்துக்கும், விமானத்தில் விற்கும் தேநீருக்கும் தனித்தனியாகக் காசு வாங்குகிறார்கள். ரயன்எயாரின் மொத்த வருமானத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இவ்வாறான மேலதிகக் கட்டணங்களிலிருந்தே கிடைக்கின்றது. டிக்கட் மலிவு என்று சொல்லிக் கொண்டு போகின்றவர் விமான நிலையத்தில் பொதியை நிறுக்கும்போதுதான் கணக்கை முழுமையாகப் படிக்கிறார்.

நகரம் ஒரு கையில், கடற்கரை மறு கையில்

சரி, வெயில்தான் சரக்கு என்றால் கடற்கரை ஊர்கள் மட்டும் போதுமே, சரித்திர நகரங்கள் எதற்கு?

ஜனவரியில் மாலகாக் கடலின் வெப்பநிலை 16 பாகையளவில்தான் இருக்கும். அதில் குளிப்பவர்கள் மிகச் சிலரே. அத்துடன் அப்பகுதிக்கு ஆண்டு முழுவதிலும் அதிக மழை கிடைப்பது நவம்பர், டிசெம்பர் மாதங்களில்தான். நான்கு நாள் விடுமுறையில் ஒரு நாள் மழை பெய்தால் கால்வாசிப் பணம் போயிற்று. கடற்கரையை மட்டும் நம்பிய ஊர் அந்த நாளில் வாடிக்கையாளருக்கு எதையும் கொடுக்க முடியாது. கோட்டை, அரண்மனை, அரும்பொருட்காட்சிச்சாலை, பழைய சந்தை ஆகியவை உள்ள நகரம் கொடுக்கும். ஆகவே பழைய கட்டடங்கள் இந்த வியாபாரத்தில் மழைக்கு எதிரான காப்புறுதி. வெயில் நாளுக்குக் கடலோர நடை, மழை நாளுக்குக் கூரையின் கீழ் சரித்திரம்.

மாலகா நகரம் இதை நன்கு விளங்கிக் கொண்டது. ஒரு காலத்தில் அது வெறும் விமான நிலையம். இறங்கியவர்கள் பஸ் ஏறி நேராகப் பக்கத்துக் கடற்கரை ஊர்களுக்குப் போய்விடுவார்கள். நகர நிர்வாகம் பிரதான கடைவீதியில் வாகனங்களை நிறுத்தி அதை நடைவீதியாக்கியது. அந்நகரில் 1881இல் பிறந்த பிக்காஸோவின் பெயரிலான அரும்பொருட்காட்சிச்சாலை 2003இல் திறக்கப்பட்டது. மெட்ரிட்டிலிருந்து அதிவேக ரயில் 2007 டிசெம்பரில் வந்து சேர்ந்தது. பாரிஸின் பொம்பிடு நிலையம் பிரான்ஸுக்கு வெளியே தனது முதல் கிளையை 2015இல் அங்கு திறந்தது. 11ஆம் நூற்றாண்டில் முஸ்லிம் ஆட்சியாளர்கள் கட்டிய அல்கசபா கோட்டை நகரின் நடுவில் ஏற்கனவே இருந்தது. இவற்றுள் எதுவும் கடலில் இறங்கிக் குளிப்பவருக்காகச் செய்யப்பட்டதல்ல. எல்லாமே குளிர்காலத்திலும் திறந்திருப்பவை. நான் ஜனவரி மாதமொன்றில் அங்கு நான்கு நாட்கள் தங்கியபோது, பகலில் சட்டைக்கு மேல் மெல்லிய ஜேர்ஸி ஒன்று போதுமாக இருந்தது. அதே அறைக்கு ஓகஸ்ட்டில் இரண்டு மடங்குக்கு மேல் கொடுக்க வேண்டும் என்றார் வரவேற்பில் இருந்தவர்.

மாலகாவைச் சுற்றியுள்ள மூன்று நகரங்களை எமது வாசகர்களுக்கு அறிமுகப்படுத்தத் தேவையில்லை. குர்துபா, கர்னாதா, இஷ்பீலியா என்று நமது மார்க்க நூல்களிலும் சரித்திரப் பாடத்திலும் படித்த அதே ஊர்கள்தான் இன்றைய கொர்தோபா, கிரனடா, செவில். செவிலிலிருந்து கடலோர நகரமான காடிஸுக்கு ரயிலில் ஒன்றரை மணித்தியாலம். இரண்டையும் ஒரே பயணத்தில் முடித்துக் கொள்ளலாம். செவில் பேராலயத்தின் மணிக்கோபுரம் 1184இல் ஆரம்பித்து 1198இல் முடிக்கப்பட்ட பள்ளிவாசல் மினாராவாகும். மேலே ஏறப் படிகளுக்குப் பதிலாகச் சாய்பாதை அமைத்திருக்கிறார்கள், குதிரையிலேயே ஏறிப்போகும் வகையில். ஜனவரியில் அந்நகரின் தெருவெங்கும் கசப்புத் தோடை மரங்கள் காய்த்துத் தொங்கும். அப்பகுதியில் விளையும் கசப்புத் தோடையை மார்மலேட் செய்ய இங்கிலாந்துக்கு அனுப்புகிறார்கள். அரபியில் நாரஞ்ச், ஸ்பானிய மொழியில் நரங்ஹா, நாம் நாரத்தை என்கிறோம், சிங்களத்தில் நாரங். இந்தியாவிலிருந்து புறப்பட்ட சொல்லையும் மரத்தையும் அரபிகள்தான் அங்கு கொண்டுபோய் நட்டார்கள்.

கிரனடாவின் அல்ஹம்ராவை வருடத்துக்கு 25 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பார்க்கின்றனர். உள்ளே உள்ள நஸ்ரிய அரண்மனைகளுக்கு நேரம் குறித்த டிக்கட் எடுக்க வேண்டும். அந்த அரைமணி தவறினால் நுழைவு இல்லை. இந்தக் கட்டுப்பாடு கட்டடத்தைப் பாதுகாக்கின்றது என்பதோடு இன்னொரு வேலையும் செய்கின்றது. கோடையில் டிக்கட் கிடைக்காதவர் குளிர்காலத்தில் வருகிறார். கூட்டத்தை மட்டுப்படுத்துவதே பருவத்தை நீட்டுவதாக அமைகின்றது. எமது மரபுரிமைத் தலங்களில் வாசலில் எத்தனை பேர் வந்தாலும் டிக்கட் கிழித்துக் கொடுப்பதே நிர்வாகம் என்றிருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். முஸ்லிம்கள் கட்டிய கட்டடங்களே அந்தலூசியாவின் பிரதான சரக்கு. ஆனால் அவ்வியாபாரத்தில் முஸ்லிம்களின் பங்கு சிறியது. குர்துபாவின் பெரிய பள்ளிவாசல் 1236 முதல் தேவாலயமாக இருக்கின்றது. அங்கு தொழுவதற்கு அனுமதியில்லை. 1492இல் கிரனடா வீழ்ந்த பின்னர் அந்நகரில் புதிதாக ஒரு பள்ளிவாசல் திறக்கப்பட்டது 2003ஆம் ஆண்டில்தான். அல்பைஸின் குன்றின் மேல், அல்ஹம்ராவை நேரெதிரே பார்த்தபடி அது நிற்கின்றது. மலையடிவாரத் தெருக்களில் மொரோக்கோக்காரர்கள் நடத்தும் தேநீர்க் கடைகளும் தோல்பொருட் கடைகளும் உண்டு. ஹலால் உணவு தேடி அலைய வேண்டிய தேவை அங்கே இல்லை.

விற்காத இரவு

இந்த வியாபாரத்தின் உள்கணக்கை விளங்கிக் கொள்ள ஒரே ஒரு விடயம் போதும். புடவைக் கடைக்காரரிடம் இன்று விற்காத சாரம் நாளை விற்கலாம். ஹோட்டலில் இன்றிரவு விற்காத அறையை நாளை விற்க முடியாது. நாளை விற்பது நாளைய இரவைத்தான். மீன் வியாபாரியை விட மோசமான நிலை, அவருக்காவது கருவாடு போடலாம்.

கணக்கொன்று போட்டுப் பார்ப்போம். இது விளக்கத்துக்காக நான் போட்ட கணக்கு. 20 அறைகள் கொண்ட ஹோட்டல். ஊழியர் சம்பளம், காவல், காப்புறுதி, பராமரிப்பு என்று மாதம் 12 இலட்சம் ரூபா. ஆள் வந்தாலும் வராவிட்டாலும் நாளொன்றுக்கு 40,000 ரூபா செலவு. ஒரு அறையில் ஒருவர் தங்கினால் சலவை, மின்சாரம், காலை உணவு என்று மேலதிகமாக 2,000 ரூபா. பருவ காலத்தில் அறை விலை 15,000. பருவம் இல்லாத காலத்திலும் அதே விலையைப் பிடித்துக் கொண்டு இரண்டு அறைகளை மட்டும் விற்றால், மேலதிகச் செலவு போக 26,000 கிடைக்கும். நாளுக்கு 14,000 நட்டம். விலையை 6,000 ஆக்கி பத்து அறைகளை விற்றால் அறைக்கு 4,000 வீதம் 40,000. இலாபமில்லை, நட்டமும் இல்லை. ஆனால் சமையற்காரர் வேலையில் இருக்கிறார், தோட்டம் காயவில்லை, குழாய்கள் துருப்பிடிக்கவில்லை.

இதை வைத்து ‘விலையைக் குறைத்தால் போதும்’ என்று யாரும் முடிவெடுத்துவிடக் கூடாது. 6,000 ரூபா விலை பருவ காலத்து வாடிக்கையாளரின் காதுக்கு எட்டினால் அவர் அடுத்த வருடம் 15,000 கொடுக்க மாட்டார். ஆகவே மலிவு விலைக்கு வேலி போடுகிறார்கள். ஞாயிறு முதல் வியாழன் வரை மட்டும், குறைந்தது மூன்று இரவுகள், முன்கூட்டியே முழுப் பணம், இரத்துச் செய்தால் பணம் திருப்பித் தரப்படாது என்பவை அந்த வேலிகள். வேலி இல்லாமல் விலை குறைத்தவர்கள் பருவ காலத்து வாடிக்கையாளரையும் சேர்த்தே இழந்திருக்கிறார்கள்.

ஸ்பெயின் அரசாங்கம் 1985இலிருந்து நடத்திவரும் ஒரு திட்டம் உண்டு. ஓய்வூதியம் பெறும் முதியோரை, கோடை அல்லாத மாதங்களில், செலவின் ஒரு பகுதியை அரசு ஏற்றுக்கொண்டு கடற்கரை ஊர்களுக்கு அனுப்புகின்றது. முதியோருக்கு வெயிலும் மாற்றமும் கிடைக்கின்றன. ஹோட்டல்கள் குறைந்த விலைக்கென்றாலும் நிரம்புகின்றன. ஊழியர் வேலையிழந்து அரசின் உதவிப் பணத்தை நாடிப் போகாததால் அரசுக்கும் மிச்சம். அரசு தரும் விலை போதாது என்று ஹோட்டல்காரர் அடிக்கடி முறையிடுகிறார்கள். ஆனாலும் கதவைப் பூட்டுவதை விட இது மேல் என்று பலர் தொடர்கிறார்கள். பென்னிடோர்ம் என்ற கடற்கரை நகரம் குளிர்காலத்திலும் உறங்காமல் இருப்பதற்கு இத்திட்டமும் ஒரு காரணம். அத்துடன், பருவத்துக்கு மட்டும் வேலை செய்யும் ஊழியரைப் பருவம் முடிந்ததும் நீக்கிவிடாமல், நிரந்தர ஊழியராகவே பதிந்து, அடுத்த பருவத்தில் கட்டாயம் திருப்பி அழைக்கும் ஒப்பந்த முறையொன்றும் அந்நாட்டுச் சட்டத்தில் உண்டு. 2021 இறுதியில் கொண்டுவரப்பட்ட தொழிற்சட்டத் திருத்தத்தில் அது மேலும் வலுப்படுத்தப்பட்டது. பேருவளையிலும் ஹிக்கடுவையிலும் ஒவ்வொரு மே மாதமும் அனுபவமுள்ள பையன்களை அனுப்பிவிட்டு நவம்பரில் புதியவர்களுக்கு ஆரம்பத்திலிருந்து பழக்கும் முதலாளிமார் இதைச் சற்று யோசிக்கலாம்.

வீடுகள் விலைபோன கதை

இனி வீட்டு விடயத்துக்கு வருவோம். முன்மாதிரிக்குப் பார்க்க வேண்டிய ஊர் ஸ்பெயினில் அல்ல, மொரோக்கோவில் இருக்கின்றது.

மராக்கேஷ் நகரின் மதில் சூழ்ந்த பழைய பகுதியான மதீனா 1985இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. குறுகிய ஒழுங்கைகள், வெளியே சன்னல் இல்லாத சுவர்கள், உள்ளே நடுமுற்றத்தோடு கூடிய வீடுகள். இவற்றை ரியாத் என்பார்கள். வசதியான குடும்பங்கள் வாகனம் நிறுத்த இடமுள்ள புதிய பகுதிகளுக்குக் குடிபெயர, இவ்வீடுகளில் பல பாழடைந்து கிடந்தன. 1990களின் இறுதியில் பிரெஞ்சுக்காரர் முதலான ஐரோப்பியர் இவற்றை வாங்கத் தொடங்கினர். அன்று விலை மிக மலிவு. திருத்தியமைத்து ஐந்தாறு அறைகள் கொண்ட விருந்தினர் இல்லங்களாக்கினர். மொரோக்கோ 2006 டிசெம்பரில் ஐரோப்பிய ஒன்றியத்தோடு திறந்த வான் ஒப்பந்தத்தில் கைச்சாத்திட, மலிவுக் கட்டண விமானங்கள் வந்து குவிந்தன. குளிர்காலத்தில் மராக்கேஷின் வெயில், அங்கிருந்து மூன்று மணித்தியாலத்துக்குள் அத்லாந்திக் கரையிலுள்ள எஸ்ஸவீரா துறைமுக நகரம் என்று அதே நகரமும் கடற்கரையும் சேர்ந்த சரக்கு. 2024இல் மொரோக்கோவுக்கு வந்த பயணிகள் ஒரு கோடி 74 இலட்சம்.

இதில் நன்மை இல்லை என்று நான் சொல்லமாட்டேன். அழிந்து கொண்டிருந்த சுண்ணாம்புப் பூச்சு, ஓட்டுச் சித்திரம், மரச்செதுக்கு வேலை ஆகியவற்றுக்கு உயிர் வந்தது. அத்தொழில்களைத் தெரிந்த மேஸ்திரிமாருக்குக் கைநிறைய வேலை. ஆனால் வீட்டை விற்றவருக்குக் கிடைத்தது ஒரு தடவைப் பணம். வாங்கியவருக்கு அதே வீட்டின் ஒவ்வோர் அறையும் ஒவ்வோர் இரவும் மீண்டும் மீண்டும் விலைபோகின்றது. விற்ற குடும்பத்தின் பிள்ளைகள் அதே தெருவில் மறுபடி வீடு வாங்க நினைத்தால் விலை எட்டாத உயரத்தில். விற்றவர் யாரும் ஏமாற்றப்படவில்லை. அன்றைய விலைக்கு விற்றார்கள், அவ்வளவுதான். இரவுகளை விற்கக் கூடிய ஒரு சொத்தை, வெறும் சுவரின் விலைக்குக் கொடுத்துவிட்டார்கள்.

விற்காமல் வைத்திருந்தாலும் வேறு விதத்தில் சங்கடம் வரும் என்பதை ஸ்பெயின் காட்டுகின்றது. மாலகாவில் குடியிருப்பு வீடுகள் பயணிகளுக்கான குறுகிய கால வாடகைக்கு மாறியதால் நகரத்தவருக்கு வாடகை வீடு கிடைப்பது கடினமாயிற்று. 2024 ஜூன் 29ஆம் திகதி ஆயிரக்கணக்கானோர் அங்கே ஊர்வலம் சென்றார்கள். அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்னர் கனேரித் தீவுகளிலும் பெரும் ஆர்ப்பாட்டம் நடந்தது. பார்சிலோனா மாநகர சபை, தனது நகரில் உள்ள 10,101 சுற்றுலா வாடகை வீடுகளின் அனுமதியை 2028 நவம்பருக்குப் பின்னர் புதுப்பிக்கப் போவதில்லை என 2024இல் அறிவித்தது. குடியிருக்க ஆளில்லாத பழைய நகரம் நாளடைவில் பயணிக்கும் சலித்துப் போகும். பாங்கு கேட்கும், பிள்ளைகள் ஓதப் போகும், மாலையில் திண்ணையில் ஆட்கள் இருக்கும் தெருவைப் பார்க்கத்தான் அவர் வருகிறார்.

காலிக் கோட்டையை இந்தப் பின்னணியில் வைத்துப் பாருங்கள். ஒல்லாந்தர் மதில் கட்டிய 36 ஹெக்டயார் பரப்பு, 1988 முதல் உலக மரபுரிமைத் தலம். வெளிச்ச வீட்டுக்கு எதிரே மீரான் ஜும்ஆப் பள்ளிவாசல், அதைச் சுற்றித் தலைமுறைகளாக எமது குடும்பங்கள். தென் அதிவேகப் பாதையின் காலி வரையான பகுதி 2011 நவம்பரில் திறக்கப்பட்ட பின்னர் கொழும்பின் எல்லையிலிருந்து ஒரு மணித்தியாலப் பயணம். பத்து நிமிடத்தில் உனவட்டுன, மேலும் சற்றுத் தூரத்தில் வெலிகம, மிரிஸ்ஸ. ஜனவரியில் மாலகாக் கடலில் இறங்க முடியாது, காலிக் கடலில் 28 பாகை. சரக்கைப் பொறுத்தவரை ஐரோப்பியரின் சரக்கை விட எம்முடையது மேலானது. தூரம்தான் குறை. லண்டனிலிருந்து பத்து மணித்தியாலத்துக்கு மேல் பறந்து வருபவர் மூன்று நாளில் திரும்பமாட்டார். அவரிடம் நாம் எதிர்பார்க்க வேண்டியது பத்து நாள் பயணத்தில் கோட்டைக்குள் மூன்று இரவுகள். உண்மையான குறுகிய விடுமுறைக்காரர் சென்னையிலிருந்தும், வளைகுடாவிலிருந்தும், கொழும்பிலிருந்தும் வருபவர்தான். (பொத்துவில், அறுகம்பை வாசகர்களுக்கு: உங்கள் பருவம் மே முதல் செப்டெம்பர் வரை. தென்மேற்கில் கதவு மூடும்போது உங்கள் கதவு திறக்கின்றது. ஊழியரையும் வாகனங்களையும் இரண்டு கரைகளும் பகிர்ந்து கொள்ளலாம் என்பதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.)

கோட்டை வீடுகள் கைமாறிய வரலாறு மராக்கேஷை ஒத்தது. வெளிநாட்டவருக்குக் காணி மாற்றும்போது அறவிடப்பட்ட 100 வீத வரி 2002இல் நீக்கப்பட்டு 2004இல் மீண்டும் கொண்டுவரப்பட்டது. 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் சில விதிவிலக்குகளோடு அத்தகைய உரிமை மாற்றத்தையே தடை செய்தது. ஆனால் 99 வருடக் குத்தகைக்கு இடமுண்டு. 99 வருடம் என்பது என்ன? குத்தகை கொடுத்தவர் மட்டுமல்ல, அவரது பேரனும் அநேகமாக அந்த வீட்டுத் திறப்பைக் கையில் வாங்கமாட்டார். பெயர் குத்தகை, விளைவு விற்பனை.

நமது வீடுகள் விலைபோவதற்கு ஆசை மட்டும் காரணமல்ல. வாப்பா மௌத்தானதும் 1931ஆம் ஆண்டின் முஸ்லிம் மரபுரிமைச் சட்டப்படி வீடு பல பங்காகின்றது. எட்டுப் பேருக்கு உரிய வீட்டை எட்டாக வெட்ட முடியாது. ஒருவர் தெஹிவளையில், ஒருவர் ரியாதில், ஒருவருக்கு மகளின் கலியாணம். விற்றுப் பணத்தைப் பிரிப்பதே சண்டையில்லாத வழியாகத் தெரிகின்றது. ஆனால் பங்கு வைக்க வேண்டியது வீட்டைத்தான் என்றில்லை, வீட்டின் வருமானத்தையும் பங்கு வைக்கலாம். ஒவ்வொருவரின் பங்கையும் சட்டத்தரணி மூலம் எழுத்தில் பதிந்து, ஒருவருக்கு நிர்வாகப் பொறுப்பும் அதற்கான கூலியும் கொடுத்து, மாத வருமானத்தைப் பங்கின் படி பிரிப்பது மார்க்கத்துக்கும் சட்டத்துக்கும் ஏற்புடையது. பணம் அவசரமாகத் தேவைப்படும் பங்காளியின் பங்கை மற்றவர்கள் சேர்ந்து தவணையில் வாங்கிக் கொள்ளலாம்.

திருத்த வேலைக்குப் பணமில்லை என்பது அடுத்த பிரச்சினை. பழைய ஒல்லாந்தர் கால வீட்டில் தொல்பொருள் திணைக்களத்தின் அனுமதியின்றி மாற்றம் செய்ய முடியாது. வேலையும் சாதாரண மேஸனால் ஆகாது. இதற்கு வட்டிக்குக் கடன் எடுப்பதை மார்க்க அடிப்படையில் மட்டுமல்ல, வியாபார அடிப்படையிலும் நான் எதிர்க்கிறேன். வட்டி பன்னிரண்டு மாதமும் ஓடும், பருவம் ஆறு மாதம்தான் ஓடும். 2019 ஏப்ரல் தாக்குதல்களுக்குப் பின்னரும், 2020இல் கொரோனாவோடும், 2022 பொருளாதார நெருக்கடியிலும் அறைகள் காலியாகக் கிடந்தபோது, கடன் வைத்திருந்தவர் பட்ட பாட்டைப் பலரும் அறிவோம். மாற்று வழி, திருத்தச் செலவைக் குத்தகைக்காரரே ஏற்க, அதற்கு ஈடாகப் பத்து அல்லது பன்னிரண்டு வருடங்களுக்கு மட்டும் வீட்டைக் குத்தகைக்குக் கொடுப்பது. முதல் மூன்று நான்கு வருடங்களுக்கு வாடகை குறைவாக இருக்கும். காலம் முடிந்ததும் திருத்திய வீடு குடும்பத்துக்குத் திரும்பிவிடும்.

அவ்வாறான ஒப்பந்தத்தில் சில விடயங்களைக் கையொப்பத்துக்கு முன்பே எழுதிக் கொள்ள வேண்டும். வாடகையில் ஒரு பகுதி நிலையானதாகவும், ஒரு பகுதி அறை வருமானத்தின் வீதமாகவும் இருக்கட்டும். நல்ல வருடத்தின் பலன் அப்போதுதான் வீட்டுக்காரருக்கும் வரும். அறை வருமானம் என்பது இணைய முகவர்களின் தரகுப் பணம் கழிக்கப்பட முன்னுள்ள தொகையா, கழித்த பின்னுள்ள தொகையா என்று தெளிவாகக் குறிப்பிட வேண்டும். அந்தத் தரகு பொதுவாக 15 வீதமளவில் இருக்கும், சிறிய தொகையல்ல. மதுபானம் விற்பதில்லை, பரிமாறுவதில்லை என்ற நிபந்தனையை எழுத்தில் போடாமல் வாய்ப்பேச்சில் விட்டுவிட்டால் பின்னர் பள்ளிவாசல் நிர்வாகத்திடம் போய் முறையிட்டுப் பயனில்லை. குத்தகைக்காரர் மூன்றாம் ஒருவருக்கு உள்குத்தகை கொடுக்க முடியாது என்பதையும் சேர்க்க வேண்டும். ஒப்பந்தம் முடிவடையும் திகதியை ஏப்ரல் இறுதியாக வைத்துக் கொள்ளுங்கள். டிசெம்பரில் முடியும் ஒப்பந்தமென்றால், பருவத்தின் நடுவில் ஆளில்லாத வீட்டைப் பொறுப்பேற்று, ஊழியர் தேடி, அந்த வருட வருமானத்தில் பெரும்பகுதியை இழக்க நேரிடும். ஏப்ரலில் முடிந்தால் அடுத்த நவம்பருக்கு முன்னர் ஆறு மாத அவகாசம் இருக்கின்றது.